பக்ருன்னிசா வெட்டிய வாசர்

திண்டுக்கல் பேகம்பூரில் அப்துல் சுக்கூர் ராவுத்தரின் கடைப் பலகையில் ‘பூட்டு, ஏர்கன் ரிப்பேர்’ என்று எழுதியிருக்கும். பூட்டு அவர் வேலை, அதில் சந்தேகமில்லை. ஏர்கன் யார் வேலை என்று பலகை சொல்லாது. பட்டறைக்குப் பின்னால் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்குப் பின்னால் அவருடைய மனைவி பக்ருன்னிசா. யாராவது துப்பாக்கியோடு வந்தால் சுக்கூர் அதை வாங்கி, குலுக்கி, காதருகே வைத்து, பெரிய வைத்தியர் நாடி பிடித்த மாதிரி தலையை ஆட்டுவார். “ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்பார். வந்தவர் படியிறங்கியதும் துப்பாக்கி தட்டிக்குப் பின்னால் போய்விடும். பதினோரு வருஷமாக இதுதான் நடந்தது.

பக்ருன்னிசா கோபக்காரி என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. மீன்காரி தராசுத் தட்டை விரலால் அழுத்தினால் சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். பள்ளிவாசல் குழாயடியில் வரிசை தாண்டிக் குடம் வைத்தவளை அவள் கேட்ட கேள்வியை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பதினோரு வருஷமும் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை. கோபக்காரி என்று பெயர் வைத்தவர்கள் இதையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

எல்லாம் ஆரம்பித்தது ஐம்பத்து மூன்றில். சிறுமலைத் தோட்டத்து மேஸ்திரி ஒருவர் குரங்கு விரட்டுகிற ஏர்கன்னைக் கொண்டுவந்து போட்டார். சுட்டால் குண்டு பத்தடி போய்ச் சோர்ந்து விழுகிறது. ஏர்கன்னில் மருந்து கிடையாது. குழலை மடக்கினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருங்கி நிற்கும். விசையை இழுத்தால் ஸ்பிரிங் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், நெருங்கிய காற்று குண்டைத் துரத்தும். அவ்வளவுதான். சுக்கூர் ஸ்பிரிங்கை மாற்றினார். மாங்காய்ப் பூட்டுக்கு ஸ்பிரிங் முறுக்குகிற கைக்கு இது பெரிய காரியமா? புது ஸ்பிரிங் பிரமாதமாக இருந்தது. குண்டு இப்போது பன்னிரண்டு அடி போய் விழுந்தது.

கஞ்சி கொண்டுவந்த பக்ருன்னிசா, பட்டறையில் கழற்றிக் கிடந்த பிஸ்டனைக் கையில் எடுத்தாள். அதன் தலையில் எட்டணாக் காசு அகலத்தில் ஒரு தோல் கிண்ணம் திருகியிருந்தது. காற்று பின்னால் கசியாமல் அடைப்பது அதுதான். வாசர் என்பார்கள். கட்டை விரலால் அதை ஒரு அழுத்து அழுத்தினாள்.

“இது வயித்துத் தோலுங்க” என்றாள். “இழுத்தா வரும், திரும்பப் போகாது. காத்து ஓரமா ஓடிப் போகுது.”

அவளுடைய அத்தா தோல் பதனிடுகிற ஷாப்பில் இருபது வருஷம் தோலைத் தரம் பிரித்தவர். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் மிதியடி தோல், கதவிடுக்கு அடைப்பு தோல், பாய்க்குக் கீழே தோல். முதுகுத் தோலையும் வயிற்றுத் தோலையும் மற்றப் பெண்கள் அரிசி தெரிந்துகொள்கிற மாதிரி அவள் தெரிந்துகொண்டிருந்தாள். மறுநாள் மாட்டு முதுகுத் தோலில் ஒரு வட்டம் வெட்டி, ஊற வைத்து, மரக் குமிழில் கவிழ்த்து இறுகக் கட்டி, நிழலில் மூன்று நாள் காய வைத்தாள். பிறகு இளஞ்சூட்டில் கொழுப்பு ஏற்றி, துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். பழைய செய்தித்தாளின் மேல் வாசரை வைத்து அழுத்தினால் காகிதத்தில் கறை விழக்கூடாது. விழுந்தால் இன்னும் துடைக்க வேண்டும். இது அவளே வைத்துக்கொண்ட சட்டம்.

மேஸ்திரியின் துப்பாக்கி தகரத்தைத் துளைத்தது. அதன்பிறகு கடலைக் காட்டில் கிளி விரட்டுகிறவர்கள், திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிறவர்கள் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பலகையில் ‘பூட்டு’க்குப் பக்கத்தில் ‘ஏர்கன்’ சேர்ந்தது. “சுக்கூர் பாய் கைராசி” என்று ஊர் சொன்னது. சொல்லட்டும் என்று பக்ருன்னிசா இருந்தாள். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

பிடித்திருந்ததால்தான் அதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டாள். குண்டு பாய்ந்தால் மட்டும் போதுமா? ஒரு குண்டு வேகமாகவும் அடுத்தது மெதுவாகவும் போனால் ஒன்று மேலே படும், ஒன்று கீழே படும். எல்லாக் குண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது தோண்டுகிற பள்ளத்தைப் பார்க்கலாமே? துணி துவைக்கிற பார் சோப்பு வாங்கிவந்து துண்டு போட்டாள். பலகையில் சாய்த்து வைத்து, ஒரு முழம் தள்ளி நின்று, பிஸ்மி சொல்லிச் சுட்டாள். ஓட்டைக்குள் விளக்குமாற்று ஈர்க்கை விட்டு, எவ்வளவு ஆழம் போகிறதோ அங்கே ஒடித்தாள். பத்துக் குண்டு, பத்து ஈர்க்கு. தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தால் கொத்தமல்லிக் கட்டு மாதிரி ஏறியும் இறங்கியும் கிடந்தன. கோபத்தில் தட்டோடு வீசினாள்.

அப்புறம் திரும்பப் பொறுக்கினாள். குழல் மடங்குகிற மூட்டில் இருந்த சின்னத் தோல் வளையத்தை மாற்றினாள். குண்டுகளை ஒவ்வொன்றாகக் குழலில் வைத்துப் பார்த்து, தளர்ந்ததைத் தனியாகவும் இறுகியதைத் தனியாகவும் பிரித்தாள். வாசரை இன்னும் துடைத்தாள். ஒரு மாதம் ஆயிற்று. ஒருநாள் பத்து ஈர்க்கும் வெட்டி அடுக்கிய மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. அன்றைக்கு வீட்டில் வெஞ்சனம் கருகிவிட்டது. சுக்கூர் முணுமுணுத்தபோது அவள் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஈர்க்குகளைப் பார்த்துவிட்டு, “சோப்பு என்னா விலை விக்குது” என்றார்.

அதற்குப் பிறகு எந்தத் துப்பாக்கியும் பத்து ஈர்க்கு சமமாக நிற்காமல் தட்டிக்கு வெளியே போகவில்லை. வீட்டுத் துணியெல்லாம் ஓட்டை சோப்பில்தான் வெளுத்தது.

அறுபத்து நான்காம் வருஷம், குடியரசு தினத்துக்கு ஊரில் ஒரு துப்பாக்கிப் போட்டி வைத்தார்கள். ஏர்கன், பத்துக் குண்டு, வட்டம் போட்ட அட்டை. எரியோட்டிலிருந்து தங்கமுத்து பெயர் கொடுத்திருந்தார். கடலை விவசாயி, நாற்பது வயது, குறி தப்பாதவர் என்று அந்தப் பக்கம் பெயர். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் துப்பாக்கியைக் கடையில் கொடுத்தார். பக்ருன்னிசா புது வாசர் போட்டாள், பத்து ஈர்க்கும் பார்த்தாள், தட்டிக்கு வெளியே நீட்டினாள். சுக்கூர் அதைத் தங்கமுத்துவிடம் கொடுத்தார்.

போட்டியன்று மத்தியானம் தங்கமுத்து நேராகக் கடைக்கு வந்து, துப்பாக்கியைப் பட்டறை மேல் எறிந்தார்.

“என்னா ராவுத்தரே, இது துப்பாக்கியா, வெடியா? மொத குண்டு பட்டாசு மாதிரி வெடிக்குது, குழாய்ல பொகை வருது, அட்டைக்கு மேல போகுது. நாலாவது குண்டு கீழ எறங்குது. தீவாளி முடிஞ்சு போச்சுன்னு பயலுக சிரிக்கிறானுக. எரியோட்டுல இருந்து பத்துப் பேரக் கூட்டிட்டு வந்து மானம் போச்சு!”

தெருவில் போனவர்கள் நின்றார்கள். எதிர் டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்தபடி நாலு பேர் திரும்பினார்கள். சுக்கூர் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அது வாசர்ங்க. வீட்டுல பொம்பள வெட்டுன தோலு. நான் செத்த அசந்துட்டேன். இனிமே பொம்பள வெட்டுன தோலே இந்தக் கடையில வேணாம். மதராஸ்ல மெசின்ல வெட்டுன வாசர் வருதாம். எழுதிப் போட்டு வரவழைச்சு மாட்டித் தாரேன்.”

“மதுரையில அடுத்த மாசம் போட்டி இருக்கு. பதினஞ்சு நாள்ல எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டுத் தங்கமுத்து போனார்.

தட்டிக்குப் பின்னால் பக்ருன்னிசா கத்தியைக் கீழே வைத்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, வாசர் வெட்டியது என் மனைவி என்று சுக்கூர் ஊரறியச் சொல்லியிருக்கிறார். நல்லது நடந்தபோதெல்லாம் அவர் கைராசி. கெட்டது ஒன்று நடந்ததும் பொம்பள வெட்டின தோல். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி அவள் வெட்டுவது அந்தக் கடையில் வேண்டாமாம். வேறு எந்தக் கடையில் போய் வெட்டுவாள்? தோலின் மேல் விழுந்த பழியைத் துடைக்காவிட்டால் வேலையும் போச்சு, அந்தச் சொல்லும் நிலைத்துவிடும். சுக்கூர் சாப்பிட வந்தபோது தட்டைத் தரையில் வைத்த வேகத்தில் சோறு எகிறியது.

மறுநாள் காலையில் துப்பாக்கியைக் கழற்றினாள். அவள் வெட்டிய வாசரின் உதடு கருகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். கருகிய தேங்காய் எண்ணெய் வாடை. எண்ணெய்! நெருங்குகிற காற்றின் சூட்டில் எண்ணெய் தீப்பிடிக்கும். முதல் குண்டு வெடிபோல் பாயும், எண்ணெய் தீரத் தீர வேகம் இறங்கும். தங்கமுத்து சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தியது. ஆனால் அவள் தேங்காய் எண்ணெயைத் தோலின் பக்கத்திலேயே விட்டதில்லை.

“என்னாங்க, இதுல எண்ணெய் விட்டீங்களா?”

“நான் எதுக்குப் புள்ள விடப் போறேன்? அல்லா அறிய விடலை.”

அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சுக்கூர் சமாளிப்பார், பூசி மெழுகுவார், ஆனால் அல்லாவை இழுத்துப் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் எங்கிருந்து வந்தது? மூன்று நாள் தன்னையே சந்தேகப்பட்டாள். கொழுப்புச் சட்டியை முகர்ந்தாள். இருந்த வாசர்களையெல்லாம் காகிதத்தில் அழுத்திப் பார்த்தாள். ஒன்றிலும் கறை இல்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். தன் கையை நம்பாமல் போக வைத்துவிட்டானே இந்த மனுஷன் என்று அந்த மூன்று நாளும் அடுப்பங்கரையில் பாத்திரங்கள் சத்தம் போட்டன.

நாலாம் நாள் பலூன் கடைக் கருப்பம்மாள் தன் துப்பாக்கியை வாங்க வந்தாள். காலையில்தான் பக்ருன்னிசா பத்து ஈர்க்கு பார்த்துக் கொடுத்திருந்தாள். சுக்கூர் கருப்பம்மாளிடம் பழனி பஸ் எத்தனை மணிக்கு என்று பேசிக்கொண்டிருந்தார். தட்டியின் இடுக்கு வழியே பக்ருன்னிசா அவர் கையைப் பார்த்தாள்.

பூட்டு வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டு முடிந்ததும் கோழி இறகைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு, சாவித் துவாரத்தில் ஒரு சொட்டு விடுவார்கள். சாவியை இரண்டு தடவை திருப்பிச் சத்தம் கேட்பார்கள். அப்புறம்தான் ஆளிடம் கொடுப்பார்கள். சொட்டு விடாத பூட்டு முடியாத பூட்டு. இருபத்தைந்து வருஷமாகச் சுக்கூரின் கை அதைச் செய்கிறது. பழனி பஸ்ஸைப் பற்றிப் பேசியபடியே அவர் இறகை எடுத்தார், கிண்ணத்தில் தொட்டார், துப்பாக்கியின் குழலை மடக்கி, காற்று வருகிற துவாரத்தில் ஒரு சொட்டு விட்டார். மூடினார். காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு தடவைகூட அவர் கண் போகவில்லை.

பக்ருன்னிசா தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். துப்பட்டி போடவில்லை. இறகோடு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இது என்னா?”

சுக்கூர் இறகை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவர்போலப் பார்த்தார். “இது... கைப்பழக்கம்” என்றார்.

“இம்புட்டு வருசமா எல்லாத் துப்பாக்கிக்கும் இப்படித்தானா?”

கருப்பம்மாள்தான் சொன்னாள். “ஆமாத்தா, பாய் எப்பவும் தொட்டுத்தானே குடுப்பாரு. மொத ரெண்டு குண்டுக்குச் சத்தம் சும்மா கும்முன்னு வரும். கூட்டம் கூடும்.”

கிளி விரட்டுகிறவனுக்கும் பலூன் சுடுகிறவனுக்கும் அது தெரியவே தெரியாது. சத்தம் வந்தால் சந்தோஷம். பத்துக் குண்டை ஒரே புள்ளியில் போட நினைத்த முதல் ஆள் தங்கமுத்துதான். பதினோரு வருஷமாக அவள் உள்ளே ஈர்க்கு ஈர்க்காக ஒடித்துச் சமம் பார்த்ததையெல்லாம் வாசற்படியில் ஒரு சொட்டு எண்ணெயில் கெடுத்திருக்கிறார். கெடுத்துவிட்டுத் தோலைக் குறை சொல்லியிருக்கிறார். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் தெருச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

தங்கமுத்துவின் துப்பாக்கிக்கு அதே தோலில் வேறு வாசர் வெட்டினாள். ஈர்க்கு பார்த்தாள். பத்தும் சமம்.

“அவரு வரும்போது சொல்லிருங்க” என்றாள் புருஷனிடம். “தோல்ல தப்பில்ல, எண்ணெய்தான் தப்புன்னு. வேற ஒண்ணும் வேணாம்.”

“சொல்லிருவோம், சொல்லிருவோம். எம்புட்டு நேரம் ஆகப் போகுது” என்றார் சுக்கூர்.

பத்தாம் நாளே எரியோடு பஸ்ஸில் தங்கமுத்து வந்து இறங்கினார். மதராஸிலிருந்து பார்சல் எதுவும் வந்திருக்கவில்லை. சுக்கூர் சோப்புத் துண்டுகளைப் பலகையில் சாய்த்து, “நீங்களே சுட்டுப் பாருங்க” என்றார். தங்கமுத்து பத்துக் குண்டு சுட்டார். புகை இல்லை, வெடி இல்லை, பத்துத் தடவையும் ஒரே சத்தம். சுக்கூர் ஈர்க்கு விட்டு ஒடித்து ஒடித்து அவர் உள்ளங்கையில் வைத்தார். தங்கமுத்து வாயைப் பிளந்தார்.

“அடேயப்பா! ஒரு நூல் வித்தியாசம் இல்லையே. மதராஸ் வாசர் வந்துருச்சா?”

தட்டிக்குப் பின்னால் பக்ருன்னிசா இடுக்கருகே நெருங்கி நின்றாள்.

“வந்துருச்சு, வந்துருச்சு” என்றார் சுக்கூர்.

“அதான பாத்தேன். மெசின்ல வெட்டுனதுன்னா மெசின்ல வெட்டுனதுதான். பொம்பள வெட்டுனது அதுக்கு ஈடாகுமா?”

சுக்கூர் சிரித்தார். சிரித்தார்! அந்தச் சிரிப்பை அவள் தட்டியின் இடுக்கு வழியாக முழுசாகப் பார்த்தாள்.

இந்தத் தடவை துப்பட்டியை எடுத்துத் தலையில் போட்டு, இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். தங்கமுத்துவின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். பட்டறையில் படுக்க வைத்து, திருகைக் கழற்றி, ஸ்பிரிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, பிஸ்டனை உருவினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் கை போகிற போக்கைத் தங்கமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சுக்கூரைப் பார்த்தார். சுக்கூர் சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசரை மட்டும் திருகி எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். மிச்சத்தை மறுபடி பூட்டி நீட்டினாள்.

“அண்ணே, இப்பச் சுடுங்க.”

“வாசர் இல்லாமச் சுட்டா இடிக்குமே தாயி.”

“ஒரு தடவதான். ஒண்ணும் ஆகாது. சுடுங்க.”

தங்கமுத்து சுட்டார். உள்ளே இரும்பில் இரும்பு மோதிய சத்தம் கேட்டது. குண்டு குழல் வாயிலிருந்து மெல்ல வெளியே வந்து, சோப்பைத் தொடாமலே, அவர் காலடியில் விழுந்தது. டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

“ஸ்பிரிங்கு அவரு போட்டது, அப்படியே இருக்கு” என்றாள் பக்ருன்னிசா. “என் மடியில இருக்குறது மதராஸ் வாசர்னா, அது வந்த பார்சல் காகிதத்தக் காட்டச் சொல்லுங்க. எந்தத் தபால்ல வந்துச்சுன்னு கேளுங்க.”

தங்கமுத்து கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

“உள்ள வா பக்ரு, உள்ள போய்ப் பேசிக்குவோம்” என்றார் சுக்கூர், தாழ்ந்த குரலில்.

“உள்ளயா? பொம்பள வெட்டுன தோலுன்னு நீங்க உள்ளயா சொன்னீங்க? இந்தப் படியில நின்னுதான சொன்னீங்க? இதே படியில நின்னு சொல்லுங்க.”

“எல்லாரும் பாக்குறாக.”

“அன்னைக்கும் பாத்தாக.”

சுக்கூர் நெற்றியைத் துடைத்தார். தங்கமுத்து படியிறங்கித் தெருவில் போய் நின்றுகொண்டார். சொல்லுங்கள், கேட்கிறேன் என்பதுபோல.

“தோல்ல தப்பில்ல” என்றார் சுக்கூர். “நான்தான்... எண்ணெய் விட்டேன்.”

“எனக்கே கேக்கல” என்றாள்.

“தோல்ல தப்பில்ல. நான்தான் எண்ணெய் விட்டேன்.”

“தெருவுக்குக் கேக்கல.”

மூன்றாவது தடவை அவர் சொன்னபோது குரல் உடைந்து, கோபமும் வெட்கமும் கலந்து, அலறலாகவே வந்தது. “தோல் இவ வெட்டுனது! அதுல ஒரு தப்பும் இல்ல! நான்தான் எண்ணெய் விட்டுக் கெடுத்தேன்!” டீக்கடையில் பாய்லர் சத்தத்தைத் தாண்டி அது கேட்டது. நாலு பேரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அன்றைக்குத் திரும்பிய அதே நாலு பேர்.

பக்ருன்னிசா பட்டறையில், சுக்கூரின் முக்காலியில், தெருவைப் பார்க்க உட்கார்ந்தாள். மடியை அவிழ்த்து வாசரை எடுத்தாள். புடவையில் பட்டு ஒட்டிய தூசியைத் துணியால் துடைத்து, செய்தித்தாளில் வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். கறை இல்லை. தங்கமுத்து நீட்டிய துப்பாக்கியைக் கழற்றி, பிஸ்டனில் அதை வைத்துத் திருகத் தொடங்கினாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. திருகாணி இரண்டு தடவை கை நழுவி விழுந்தது.